சமாதானம் பேசுவதற்கு முன்: வன்னியில் மோட்டார் சைக்கிள் விபத்தும் நட்டஈட்டு உரிமையும்

என் மச்சானை ஒரு டிப்பர் தட்டியது பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், தர்மபுரம் தாண்டி. விழுந்து எழும்பியவருக்குக் கால் வீக்கம் மட்டும்தான். டிப்பர்காரரும் தெரிந்த இடம். பெரியவர்கள் கூடிப் பேசி, 15,000 ரூபாய் கொடுத்து, "இனி இதுபற்றி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் எக்ஸ்ரே எடுத்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெடித்திருந்தது. ஐந்து மாதம் மேசன் வேலைக்குப் போகவில்லை. அந்த 15,000 ரூபாய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஓட்டோக் காசுக்கே முடிந்தது.

அதற்குப் பிறகுதான் நானும் சட்டத்தரணிகளையும் காப்புறுதிக் கந்தோர்களையும் தேடி அலைந்து, எது எப்படி நடக்கிறது என்று பழகிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் நட்டஈடு நீதிமன்றத்தில் தோற்பது குறைவு. பெரும்பாலும் விபத்து நடந்து முதல் ஒரு கிழமைக்குள், கடதாசியிலேயே தோற்றுவிடுகிறோம்.

முதலில், உங்கள் பக்கம் சரியாக இருக்கிறதா?

இலங்கையில் எல்லாவற்றுக்கும் அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதைப் பலமுறை திருத்திவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்ட 18 வயது வேண்டும். 100 சீசீ வரைக்கும் ஏ1 வகை, அதற்கு மேல் ஏ வகை. லான்ட் மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஓட்டும் ஜி1 லைசன்ஸை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது லைசன்ஸ் இல்லாததற்குச் சமம்.

ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பின்னால் ஒருவர்தான் இருக்கலாம். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவது எங்கள் வாழ்க்கையில் சாதாரணம்தான், ஆனால் விபத்து என்று வந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது அதைத்தான். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் என்பது மதுவுக்கான எல்லை. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குடித்துவிட்டு ஓட்டினாலும், லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினாலும், காப்புறுதி இல்லாமல் ஓட்டினாலும் தண்டப்பணம் 25,000 ரூபாயில்தான் தொடங்குகிறது.

காப்புறுதி விஷயத்தில் ஊரில் ஒரு பெரிய தவறான எண்ணம் உண்டு. வரிப்பத்திரம் எடுக்கும்போது கட்டுகிறோமே மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அது உங்களுக்கானது இல்லை. நீங்கள் யாரையாவது இடித்தால் அவருக்குக் கொடுப்பதற்கானது. உங்களை இன்னொருவர் இடித்தால் அவருடைய காப்புறுதிதான் உங்களுக்குப் பேசும். நீங்களே பள்ளத்தில் விழுந்தால் ஒருவரும் பேசமாட்டார்கள். அதற்கு முழுக் காப்புறுதி, அல்லது ஓட்டுபவருக்கான தனி விபத்துக் காப்புறுதி வேண்டும். பின்னால் இருப்பவருக்கு உங்கள் பத்திரம் பொருந்துமா என்பதை வாங்கும்போதே கேட்டு, எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று ஓப்பின் பேப்பர். கையொப்பமிட்ட பெயர் மாற்றப் படிவத்தோடு கைமாறிக் கைமாறி வந்த மோட்டார் சைக்கிள்கள் வன்னியில் ஏராளம். பதிவில் உள்ள ஆள் அனுராதபுரத்தில், ஓடுகிறவர் மல்லாவியில். விபத்து நடந்தால், "இந்த வாகனம் யாருடையது?" என்ற கேள்விக்கே மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். பெயரை மாற்றிவிடுங்கள். விற்றவரும் இதில் அக்கறை காட்ட வேண்டும், அழைப்பாணை முதலில் போய்ச் சேர்வது அவர் வீட்டுக்குத்தான்.

விழுந்த இடத்தில்

உயிர்தான் முதல். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸுக்கு 119. ஏ9 வீதியில் ஓமந்தைக்கும் முறிகண்டிக்கும் இடையில் நின்றுகொண்டு "காட்டுக்குள்ளே நிற்கிறோம்" என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி வாகனத்தை நிறுத்தி, காயப்பட்டவருக்கு உதவி, பெயர் விலாசம் கொடுத்து, பொலிஸுக்கும் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்குச் சுயநினைவு இருந்தால், இல்லாவிட்டால் கூட வந்தவர், போனை எடுத்து இவற்றைப் படம் பிடியுங்கள்: இடித்த வாகனத்தின் இலக்கத்தகடு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரிப்பத்திரம், சாரதியின் காப்புறுதி அட்டை, வீதியில் பிரேக் பிடித்த தடம், வாகனங்கள் நிற்கும் நிலை. கிட்ட நின்று நாலு படம், இருபது அடி தள்ளி நின்று நாலு படம். தள்ளி எடுத்ததுதான் பிறகு உதவும், வளைவும் மரமும் மதகும் அதில்தான் தெரியும்.

நெல் காயப்போட்ட வீதி என்றால் நெல்லையும் சேர்த்து எடுங்கள். அறுவடைக் காலத்தில் பாதி வீதியை நெல் பிடித்திருக்கும், நடுவே கல்லும் தடியும் எல்லையாக வைத்திருப்பார்கள். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு மணி நெல்லும் இருக்காது.

பார்த்தவர்கள் இரண்டு பேரின் பெயரும் போன் இலக்கமும் வேண்டும். கடைக்காரர், வயலில் நின்றவர், பின்னால் வந்த பஸ் நடத்துநர், யாராக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் சொந்தக்காரர் மட்டுமே சாட்சி என்றால் எடை குறைவு.

ஆஸ்பத்திரியில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகள், அல்லது மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற ஆதார வைத்தியசாலைகள், எங்கே போனாலும் "மோட்டார் சைக்கிள் விபத்து" என்று தெளிவாகச் சொல்லுங்கள். லைசன்ஸ் இல்லாத பயத்தில் "படியால் விழுந்தேன்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஒரு வார்த்தை கட்டில் அட்டையில் ஏறிவிட்டால் நட்டஈட்டு வழக்கை அங்கேயே புதைத்ததுபோல. லைசன்ஸ் இல்லாதது தனிக் குற்றம், அதற்குத் தண்டப்பணம் உண்டு. அதற்காக உங்களை இடித்தவரின் கவனயீனம் மறைந்து போகாது.

விபத்துக் காயம் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குப் போக வேண்டும். பொலிஸ் கொடுக்கும் படிவத்தில் அவர் காயத்தைச் சாதாரணம், பாரதூரம் என்று வகைப்படுத்துவார். எலும்பு முறிவு, பல் உடைவு, மூட்டு விலகல், பார்வை அல்லது காது கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது எல்லாம் பாரதூரமான காயங்கள். முதல் நாள் தெரியாத முறிவு பிறகு தெரியவந்தால் திரும்பவும் போய்க் காட்டி எழுதுவிக்க வேண்டும். மச்சான் செய்யத் தவறியது இதைத்தான். வீக்கம் என்று எழுதிய படிவத்தோடு விட்டுவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே படங்கள், வெளியில் மருந்து வாங்கிய பில், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் அந்தப் போக்குவரத்துச் செலவு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோவையில் போட்டு, ஒவ்வொன்றையும் போனில் படமும் எடுத்துவையுங்கள். ஓட்டோக்காரரிடம் பில் கேட்டால் சிரிப்பார். சிரித்தாலும் ஒரு துண்டில் திகதி, தூரம், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வார்டு வாசலில் வந்து "நான் கேஸ் எடுத்துத் தாறன்" என்று தாளை நீட்டுபவரிடம் கையெழுத்து வைக்க வேண்டாம். நோவில் இருக்கும்போது எதையும் வாசிக்க முடியாது.

பொலிஸில்

இங்கேதான் எங்கள் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் பொலிஸ் அங்கே வந்து வாக்குமூலம் எடுக்கும். வராவிட்டால் வீட்டார் போய் முறைப்பாட்டைப் பதிய வேண்டும். அடுத்த பக்கத்துக்காரர் முந்திக்கொண்டு தன் கதையைச் சொல்லியிருப்பார். அது ஒன்றும் முடிந்த முடிவு இல்லை, ஆனால் உங்கள் கதை புத்தகத்தில் ஏறாமல் இருப்பது பிழை.

வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கவும், தமிழில் எழுதக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அரசியலமைப்பின்படி தமிழ் அரசகரும மொழிகளில் ஒன்று, வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் அதுதான். சிங்களத்தில் எழுதி "இதிலே கையெழுத்து வையுங்கோ" என்றால், தெரிந்த ஒருவர் வாசித்து விளங்கப்படுத்தும்வரை வைக்காதீர்கள். இடதும் வலதும் மாறி எழுதப்பட்ட ஒரு வாக்குமூலத்தை நானே பார்த்திருக்கிறேன். சிங்களம் தெரிந்த தம்பி ஒருவர் பக்கத்தில் நின்றதால் தப்பியது.

சொல்லும்போது வேகம், தூரம் எல்லாம் ஊகித்துச் சொல்லாதீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனேன், மற்ற வாகனம் எங்கிருந்து திரும்பியது, சிக்னல் போட்டதா, இரவு என்றால் லைட் இருந்ததா. ஞாபகமில்லாததை "ஞாபகமில்லை" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அந்தச் சமாதானப் பேச்சு. "ஏன் கோர்ட் கேஸ் என்று அலையிறியள், பேசித் தீருங்கோ" என்று யாராவது நிச்சயம் சொல்வார். பேசித் தீர்ப்பது குற்றமில்லை. சிறிய கீறல், உடைந்த இண்டிகேற்றர் என்றால் நானே அதைத்தான் செய்வேன். ஆனால் உடம்பில் அடி என்றால், வைத்தியர் கடைசியாக என்ன சொல்கிறார் என்று தெரியும்வரை முழுத் தீர்வு பேசக்கூடாது. அவசரச் செலவுக்குக் காசு தந்தால் வாங்கலாம். அப்போது எழுதும் தாளில் "மருத்துவச் செலவுக்கான முற்பணம், மீதிக் கோரிக்கைகளுக்கு இது பாதகமில்லை" என்று இருக்க வேண்டும். "முழுமையான இறுதித் தீர்வு" என்ற சொல் இருந்தால் பேனையை மூடிவிடுங்கள்.

முறைப்பாட்டு இலக்கம், திகதி, பதிந்த உத்தியோகத்தரின் இலக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டணம் செலுத்தி உறுதிப்படுத்திய பிரதியை எடுக்கலாம். எடுங்கள், எல்லாருக்கும் அதுதான் முதலில் வேண்டும்.

பொலிஸ் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு

பொலிஸ் நீதவான் நீதிமன்றத்தில் போடுவது குற்ற வழக்கு. கவனயீனமாக ஓட்டியது, காயம் விளைவித்தது, மரணம் விளைவித்தது என்று குற்றச்சாட்டு வரும். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டுப் போகலாம். அந்தத் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. காயப்பட்டவருக்கு ஏதாவது கொடுக்கும்படி கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இழப்பு முழுவதற்கும் அது ஈடாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் நட்டஈடு மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள் போடும் சிவில் வழக்கில் வருகிறது. அடிப்படை உரோம-டச்சுச் சட்டம்: மற்றவரின் கவனயீனத்தால் உங்களுக்கு இழப்பு வந்தது என்று காட்ட வேண்டும். பொலிஸ் வழக்கின் தவணைகளுக்கு முடிந்தளவு போங்கள். சாரதி ஒப்புக்கொண்டால் அந்த வழக்கேட்டின் பிரதி சிவில் வழக்கில் நல்ல துணை.

காலக்கெடுவைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: விபத்து நடந்து 2 ஆண்டுகள். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்த 2 ஆண்டையும் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். பொலிஸ் வழக்கு நடக்கும்போதே சிவில் வழக்கைப் போடலாம். காயப்பட்டது சிறு பிள்ளை என்றால் காலம் ஓடுவது தள்ளிப்போகும், அதற்காகச் சாட்சிகளும் காத்திருப்பார்கள் என்றில்லை.

யார் கொடுப்பது?

வழக்கு சாரதிக்கும், அவர் வேறொருவருக்காக ஓட்டினால் அந்த உரிமையாளருக்கும் எதிராக. மணல் டிப்பர் என்றால் சாரதியிடம் ஒன்றும் இருக்காது, முதலாளியைச் சேர்க்காமல் விடக்கூடாது. தீர்ப்பு வந்தால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி வழங்கிய நிறுவனம் அதைச் செலுத்தக் கடமைப்பட்டது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்டு 7 நாளுக்குள்ளோ, அந்த நிறுவனத்துக்கு வழக்கு பற்றி அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் வையுங்கள். சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் "அறிவித்தல் போய்விட்டதா?" என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற சட்டத்தரணி என்றால் ஆளை மாற்றலாம்.

இராணுவ வாகனமோ அரசுத் திணைக்கள வாகனமோ இடித்தால் "அவர்களோடு யார் போய் மோதுவது" என்று எங்கள் பக்கத்தில் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். வழி இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அரசின் ஊழியர் செய்த தீங்குக்கு அரசைப் பொறுப்பாளியாக்குகிறது. வழக்கு சட்டமா அதிபருக்கு எதிராக. போடுவதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், ஆகவே 2 ஆண்டின் கடைசி மாதத்தில் விழித்தெழுந்து பயனில்லை.

இடித்துவிட்டு ஓடிய வாகனம் என்றால், முறைப்பாட்டை உடனே பதிந்து, வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம். அடையாளம் தெரியாத வாகனங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ஏற்பாடு அங்கே உண்டு.

வழக்குச் செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் சட்டத்தரணி தருவார்கள். கிராம அலுவலரின் வருமானச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோனால் இரண்டாம் பயணம் மிச்சம். தொகை சிறியது என்றால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்கும் போகவேண்டி வரலாம்.

எவ்வளவு கேட்பது?

ஒரு மேசனை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 3,500 ரூபாய், மாதம் 20 நாள் வேலை, ஆறு மாதம் வேலையில்லை. 4,20,000 ரூபாய். இது இழந்த உழைப்பு மட்டும். மருந்து, போக்குவரத்து, கூட நின்று பார்த்தவரின் சாப்பாட்டுச் செலவு, மோட்டார் சைக்கிள் திருத்திய கூலி இதன் மேல் வரும். பிறகு பழையபடி பாரம் தூக்க முடியாது என்று வைத்தியர் எழுதினால் எதிர்கால உழைப்பின் இழப்பு. நோவுக்கும் வேதனைக்கும் தனியாகக் கேட்கலாம்.

சம்பளத் துண்டு இல்லாதவருக்கு உழைப்பை நிரூபிப்பதுதான் பாடு. வேலை கொடுத்த மேசன் பாஸின் கடிதம், கடற்றொழிலாளர் சங்கப் பதிவு, நெல் விற்ற பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி எல்லாம் உதவும். விவசாயி என்றால், நீங்கள் படுத்திருந்த போகத்தில் கூலிக்கு ஆள் பிடித்த செலவும் இழப்புத்தான்.

உங்கள் பக்கத்திலும் பிழை இருந்தால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றம் பிழையைப் பங்குபோடும். 10 இலட்சம் இழப்பு, உங்கள் பங்கு நாலில் ஒன்று என்றால் ஏழரை இலட்சம். தலையில் அடி, ஹெல்மெட் இல்லை என்றால் அந்தப் பங்கைக் கூட்ட எதிர்த்தரப்பு எல்லாப் பாடும் படும்.

உயிர் போய்விட்டால், அவருடைய உழைப்பில் வாழ்ந்தவர்கள் அந்த ஆதரவை இழந்ததற்காக வழக்குப் போடலாம். 2019இல் வந்த 2ஆம் இலக்கச் சட்டம் அதற்கு மேலும் போய், நெருங்கிய உறவுகள் அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் நட்டஈடு கேட்க வழி திறந்தது. அந்தியேட்டி முடியும் முன்பே காசோடு ஆட்கள் வருவார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை மட்டும் பேசவிட்டு, மற்றவர்கள் எதிலும் கையெழுத்து வைக்காமல் இருப்பது நல்லது.

வேலைக்குப் போகும் வழியில் என்றால்

இதைப் பலர் அறியாமல் விடுகிறார்கள். வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை 2022இல் திருத்தி, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தையும் உள்ளே எடுத்தார்கள், உச்சத் தொகையையும் 20 இலட்சமாக்கினார்கள். கார்மென்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகள் விழுந்தால், இடித்தவர் யார் என்ற கேள்விக்கு அப்பால் முதலாளி பக்கத்திலும் ஒரு உரிமை இருக்கிறது. தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். அரச ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதியையும் பாருங்கள்.

மாடும் யானையும்

இரவில் தார் வீதிச் சூட்டுக்கு மாடுகள் வந்து படுக்கும். கறுத்த மாடு, கறுத்த வீதி. இதில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்று ஒன்றும் இல்லை. மாட்டுக்காரரின் கவனயீனத்தைக் காட்டி வழக்குப் போடலாம், ஆனால் மாடு செத்துக் கிடந்தால் உரிமை கோர ஒருவரும் வரமாட்டார். ஆகவே மாட்டில் சுட்டிருக்கும் அடையாளக் குறியைப் படம் எடுங்கள், காதுத் தோடு இருந்தால் அதன் இலக்கத்தையும். கட்டாக்காலி மாடு பற்றிப் பிரதேச சபைக்கு முன்பே யாராவது முறைப்பாடு கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதி நல்ல சாட்சி.

யானை அடித்தால் வனஜீவராசிகள் திணைக்களம் நட்டஈடு கொடுக்கிறது. பொலிஸ் முறைப்பாடும், வைத்திய அறிக்கையும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள், விண்ணப்பம் பிரதேச செயலகம் வழியாகப் போகும். நெடுங்கேணிப் பக்கம் இரவில் யானையைக் கண்டு பயந்து, மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது விழுந்து கை முறித்தவர்கள் இருக்கிறார்கள். யானை தொடவே இல்லை, ஆகவே முறைப்பாட்டில் யானை நின்ற இடம், நேரம், கூட வந்தவர் பெயர் மூன்றும் அன்றைக்கே எழுதப்பட்டிருக்க வேண்டும்.